வானொலியிலிருந்து நாவலுக்கு: ரெ. கார்த்திகேசு

மலேசியத் தமிழ் நாவலாசிரியர்களுள் குறிப்பிடத்தக்கவர் ரெ. கார்த்திகேசு (1940–2016). கோலாலம்பூரில் மலேசிய வானொலியின் தமிழ்ப் பிரிவில் ஒலிபரப்பாளராகப் பணியாற்றியவர். பின்னர் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தொடர்புத்துறைப் பேராசிரியராக இருந்தார். அவரைப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே வானொலியில் கேட்டவர்கள் அந்தத் தலைமுறையில் உண்டு.

பிறந்தது கெடா மாநிலத்தின் பீடோங் சிற்றூரில். சுற்றிலும் ரப்பர் தோட்டங்கள் நிறைந்த பகுதி அது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறையில் பட்டம் பெற்றார்.

தோட்டத்திற்கு வந்த குரல்

அவர் வளர்ந்த காலத்தில் தமிழ் வானொலி நம் நாட்டில் வேரூன்றிக்கொண்டிருந்தது. போருக்குப் பின் 1946 ஏப்ரலில் சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு 'ரேடியோ மலாயா' தொடங்கப்பட்டது. மலாய், சீனம், ஆங்கிலம் ஆகிய மொழிகளோடு தமிழிலும் ஒலிபரப்பு நடந்தது. 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பிறகு, அரசாங்கம் புதுக்கிராமங்களிலும் கம்பங்களிலும் தோட்டங்களிலும் பொதுவில் கேட்பதற்கென வானொலிப் பெட்டிகளை வைத்தது. மக்களைத் தன் பக்கம் வைத்திருப்பதே அதன் நோக்கம். ஆனால், லயத்து மக்களுக்கு அதே பெட்டிதான் பாட்டையும் செய்தியையும் நாடகத்தையும் கொண்டுவந்தது.

நாளேடு படிக்க எழுத்துத் தெரிய வேண்டும். வானொலிக்குக் காது போதும். விடியலில் பெரட்டுக்குப் போய், பால் வெட்டி, பொழுது சாயத் திரும்பும் தாய்மாருக்கும் உலகச் செய்தி எட்டியது இப்படித்தான். டிரான்சிஸ்டர் பெட்டிகள் மலிவான பிறகு, லயன் வீட்டுக்கு வீடு அந்தக் குரல் கேட்டது.

நாடு விடுதலை பெற்றதை அடுத்து, 1959 ஜனவரி முதல் நாள் ரேடியோ மலாயா கோலாலம்பூருக்கு இடம் மாறியது. 1963இல் மலேசியா அமைந்தபோது 'ரேடியோ மலேசியா' ஆனது. அதே ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் தொலைக்காட்சியும் வந்தது. பிரிக்பீல்ட்சிலிருந்து சற்றுத் தொலைவிலுள்ள அங்காசாபுரி, பின்னர் இவ்விரண்டுக்கும் தலைமையகமானது. தமிழ் ஒலிபரப்பு பல பெயர்களைக் கடந்து, 'ரேடியோ 6' என்றிருந்து, 2005இல் 'மின்னல் எப்எம்' ஆயிற்று.

குரலை விட்டு எழுத்துக்கு

கார்த்திகேசு வானொலிக்கு வந்தது 1960களில். நல்ல வேலை, நாடறிந்த குரல். ஆயினும், அவர் அதோடு நிற்கவில்லை. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இதழியலும், இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் தொடர்புத்துறையும் பயின்று முனைவரானார். தாம் பணியாற்றிய துறையையே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். 1963 முதல் 1983 வரையிலான மலேசியத் தொலைக்காட்சி வரலாற்றை மலாய் மொழியில் நூலாக எழுதினார். டேவான் பஹாசா டான் புஸ்தாகா அதை 1994இல் வெளியிட்டது. தமிழ் ஒலிபரப்பிலிருந்து வந்த ஒருவர் தேசிய ஊடகத்தின் வரலாற்றைத் தேசிய மொழியில் எழுதியது சிறிய செய்தியன்று.

படைப்பிலக்கியமும் கூடவே நடந்தது. 'புதிய தொடக்கங்கள்' என்ற சிறுகதைத் தொகுப்பு 1974இல் வந்தது. 'வானத்து வேலிகள்' அவருடைய முதல் நாவல். 'தேடியிருக்கும் தருணங்கள்', 'அந்திம காலம்', 'காதலினால் அல்ல', 'சூதாட்டம் ஆடும் காலம்' ஆகிய நாவல்கள் தொடர்ந்தன. நோயோடும் மரணத்தோடும் முகத்துக்கு முகம் நிற்கும் ஒரு முதியவரின் கதை 'அந்திம காலம்'. தோட்டத்துத் துயரமே மலேசியத் தமிழ்க் கதை என்றிருந்த எண்ணத்தைத் தாண்டி, நகரத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் வந்துவிட்ட தமிழரின் மனத்தை அவர் எழுதினார். திறனாய்வுக் கட்டுரைகளும் நிறைய எழுதினார். 2016 அக்டோபர் 10ஆம் நாள் காலமானார்.

எஞ்சியிருப்பது எது?

ஒலிபரப்பாளர் பேசி முடித்ததும் சொல் காற்றோடு போய்விடும். யாரேனும் பதிவுசெய்து காப்பாற்றினாலொழிய அது திரும்பாது. கார்த்திகேசு வானொலியில் பேசிய மணிநேரங்களைவிட, அச்சேறிய அவருடைய பக்கங்கள் மிகக் குறைவாகவே இருக்கும். ஆனால், இன்று நூலகத்தில் கேட்டால் கையில் கிடைப்பவை அந்தப் பக்கங்கள்தாம்.

கிள்ளான் வட்டாரத்தில் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. லயங்கள் போயின, அங்கே வாழ்ந்தவர்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தனர். பள்ளத்தாக்கில் 96.3இல் மின்னல் இன்றும் ஒலிக்கிறது. தனியார் தமிழ் வானொலியும் வந்துவிட்டது. ஆனால், ஒரு பெட்டியைச் சுற்றி ஒரு லயமே உட்கார்ந்து கேட்ட காலத்தை நினைவில் வைத்திருப்போர் குறைந்துகொண்டே வருகின்றனர். எந்த நிகழ்ச்சிக்காகக் காத்திருந்தார்கள், யார் வீட்டுப் பெட்டியில் கேட்டார்கள், எந்தக் குரலைக் கேட்டு அழுதார்கள் என்பதெல்லாம் எந்த ஆவணத்திலும் முழுமையாக இராது. அவை நம் பாட்டிகளிடமும் தாத்தாக்களிடமும்தான் இருக்கின்றன. உட்கார்ந்து கேட்டு எழுதி வைப்பதற்கு ஒரு நோட்டுப் புத்தகமே போதும்.