காமிக்ஸ் சந்திப்புக் கதைகளும் வாசகர் ஊகமும்

தனித்தனித் தொடர்களில் வரும் காமிக்ஸ் நாயகர்கள் ஒரே கதையில் எதிர்ப்படுவது சந்திப்புக் கதை எனப்படும். காமிக்ஸ் வாசகர்களிடையே இதற்குக் கிராஸ்ஓவர் என்ற சொல்லே பெரிதும் வழங்குகிறது. அத்தகைய சந்திப்பு நிகழ்வதற்கு வெகுகாலம் முன்பே, அது நிகழக்கூடுமா, இருவர் மோதினால் வெல்பவர் யார், இரு தொடர்களின் காலக்கணக்கும் இடக்கணக்கும் பொருந்துமா என்று வாசகர்கள் கணித்துப் பார்ப்பதும், அக்கணிப்பைக் கடிதமாகவும் கட்டுரையாகவும் அட்டவணையாகவும் எழுதி வாதிடுவதும் 1960-களிலிருந்து அமெரிக்கக் காமிக்ஸ் பண்பாட்டின் நிலையான கூறாக இருந்து வருகின்றன. வெறும் பொழுதுபோக்காகத் தோன்றும் இவ்வழக்கம் அந்தக் கதையுலகங்கள் இன்றைய வடிவைப் பெற்றதில் நேரடிப் பங்கு வகித்தது. ஊகித்த வாசகர்களில் பலர் பின்னாளில் அதே தொடர்களின் எழுத்தாளர்களாகவும் பதிப்பாசிரியர்களாகவும் அமர்ந்து, தாம் ஊகித்தவற்றைத் தாமே எழுதினர். வேறு எந்த வெகுமக்கள் இலக்கியத்திலும் வாசகருக்கும் படைப்பவருக்கும் இடையிலான தொலைவு இவ்வளவு குறுகியதாக இருந்ததில்லை என்று கூறலாம்.

தோற்றம்

இரு நாயகர்கள் ஒரே உலகில் வாழ்கிறார்கள் என்று வாசகர் எண்ணுவதற்குக் கதையே ஏதேனும் ஒரு குறிப்பைத் தந்தாக வேண்டும். அக்குறிப்பு இல்லாத இடத்தில் ஊகம் பிறப்பதில்லை. அமெரிக்கக் காமிக்ஸ் இதழ்களின் தொடக்க ஆண்டுகளில், ஒரே இதழில் அடுத்தடுத்து வந்த நாயகர்கள்கூட ஒருவரையொருவர் அறியாதவர்களாகவே இருந்தனர். 1940-ல் டைம்லி நிறுவனத்தின் 'மார்வெல் மிஸ்டரி காமிக்ஸ்' இதழில், கார்ல் பர்கோஸ் படைத்த நெருப்பு நாயகரான ஹியூமன் டார்ச்சும், பில் எவரெட் படைத்த கடல் நாயகரான சப்-மரைனரும் நியூயார்க் நகரில் மோதிய கதை இந்த நிலையை மாற்றியது. அதே ஆண்டின் இறுதியில் வெளிவந்த 'ஆல் ஸ்டார் காமிக்ஸ்' மூன்றாம் இதழில், வெவ்வேறு இதழ்களின் நாயகர்கள் ஜஸ்டிஸ் சொசைட்டி ஆஃப் அமெரிக்கா என்ற பெயரில் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தனர். 1951-ல் அந்தக் குழுவின் கதைகள் நின்றுபோனாலும், சிறுவயதில் அவற்றைப் படித்தவர்களின் நினைவில் அந்த மேசை அழியாமல் நின்றது. அடுத்த தலைமுறை ஊகங்களின் ஊற்று அதுவே.

டிசி நிறுவனம் 1956-ல் ஃப்ளாஷ் என்ற பழைய பெயரைப் புதிய மனிதர் ஒருவருக்குச் சூட்டி மறுபடி வெளியிட்டது. பழைய ஃப்ளாஷ் ஜே கேரிக். புதியவர் பாரி ஆலன். அப்படியானால் பழையவர் என்ன ஆனார் என்ற கேள்விக்கு, 1961 செப்டம்பர் என்று அட்டையில் தேதியிட்ட 'தி ஃப்ளாஷ்' 123-ஆம் இதழில் எழுத்தாளர் கார்ட்னர் ஃபாக்ஸ், ஓவியர் கார்மைன் இன்ஃபன்டினோ, பதிப்பாசிரியர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் ஆகியோர் விடையளித்தனர். இரு ஃப்ளாஷ்களும் ஒரே இடத்தில், ஆனால் வெவ்வேறு அதிர்வில் இயங்கும் இரு பூமிகளில் வாழ்கின்றனர் என்றும், முதல் பூமியில் வாழும் கார்ட்னர் ஃபாக்ஸ் என்ற எழுத்தாளர் இரண்டாம் பூமியின் நிகழ்ச்சிகளை உறக்கத்தில் உணர்ந்தே பழைய கதைகளை எழுதினார் என்றும் அக்கதை விளக்கியது. ஜே கேரிக்கை 1940-ல் படைத்தவர்களுள் ஒருவர் இதே ஃபாக்ஸ் என்பதால், எழுத்தாளரே தம் கதைக்குள் சான்றாகிவிட்டார். கதையுலகத்துக்கு விதிகள் உண்டு, அவ்விதிகளை ஆராய்ந்து அறியலாம் என்ற எண்ணத்தை வாசகர்களிடம் இக்கதை ஆழமாக விதைத்தது.

1963-ல் புதிய குழுவான ஜஸ்டிஸ் லீகும் பழைய ஜஸ்டிஸ் சொசைட்டியும் சந்தித்த கதை வெளிவந்தபின், 1985 வரை ஆண்டுதோறும் அவ்விரு குழுக்களும் சந்திப்பது வழக்கமாயிற்று. நல்லவர் தீயவராகவும் தீயவர் நல்லவராகவும் இடம் மாறிய மூன்றாம் பூமி 1964-லும், வேறு நிறுவனங்களிடமிருந்து பெற்ற நாயகர்களுக்கென எஸ், எக்ஸ் என்ற எழுத்துகளால் குறிக்கப்பட்ட பூமிகள் 1973-லும் சேர்ந்தன. ஒவ்வொரு புதிய பூமியும் வாசகரின் கணக்குக்குப் புதிய தீனியாயிற்று. எழுத்தாளர் பாப் ஹேனி 'தி பிரேவ் அண்ட் தி போல்ட்' இதழில் இந்த எல்லைகளைப் பொருட்படுத்தாமல், இரண்டாம் பூமியைச் சேர்ந்த வைல்ட்கேட்டை எந்த விளக்கமும் இன்றி பேட்மேனோடு சேர்த்தபோது, பொருந்தாத அக்கதைகள் நிகழ்வதற்கென்றே பி என்னும் தனிப் பூமி ஒன்று ஊகிக்கப்பட்டது. பொருந்தாத கதையைத் தள்ளிவிடாமல் அதற்கும் ஓர் இடம் தேடித் தரும் இந்தப் பரிவே காமிக்ஸ் ஊகத்தின் அடிப்படைக் குணம் எனலாம்.

கடிதப் பகுதியும் ரசிகர் இதழ்களும்

ஜஸ்டிஸ் சொசைட்டியின் மறுவருகை பதிப்பாளர்கள் தாமே எண்ணிச் செய்தது மட்டும் அன்று. டெட்ராய்ட் நகரின் வேய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜெர்ரி பெய்ல்ஸ், அந்தக் குழுவை மீட்டெடுக்குமாறு ஃபாக்ஸுக்கும் ஷ்வார்ட்ஸுக்கும் தொடர்ந்து எழுதிவந்தார். 1961-ல் 'ஆல்டர் ஈகோ' என்ற ரசிகர் இதழையும் தொடங்கினார். ரசிகர் இதழ் என்பது வணிக நோக்கமின்றி வாசகர்களே எழுதி, சிறு எண்ணிக்கையில் படியெடுத்து, அஞ்சலில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்ட வெளியீடு. ஏறத்தாழ அதே காலத்தில் ஷ்வார்ட்ஸ் தம் இதழ்களின் கடிதப் பகுதியில் எழுதுபவர்களின் முழு முகவரியையும் அச்சிடத் தொடங்கியதால், நாடெங்கும் சிதறிக் கிடந்த வாசகர்கள் நேரடியாகக் கடிதம் எழுதிக்கொள்ள வழி பிறந்தது. பெய்ல்ஸின் கடிதத் தோழரும் 'ஆல்டர் ஈகோ'வின் தொடக்கப் பங்களிப்பாளருமான ராய் தாமஸ், 1965-ல் மார்வெல் நிறுவனத்தில் எழுத்தாளராகச் சேர்ந்து பின்னர் அதன் தலைமைப் பதிப்பாசிரியராக உயர்ந்தார். 1981-ல் டிசி நிறுவனத்துக்காக 'ஆல்-ஸ்டார் ஸ்குவாட்ரன்' தொடரைத் தொடங்கி, தம் இளமைக்கால நாயகர்கள் அனைவரையும் இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்காவில் ஒன்றுசேர்த்தார். முன்பு அச்சான கதைகளை மறுக்காமல் அவற்றின் இடைவெளிகளில் புதிய நிகழ்ச்சிகளைப் பொருத்தி, பழைய வரலாற்றுக்குப் புதிய பொருள் தரும் அம்முறை ரெட்கான் என்ற சுருக்கப் பெயரால் இன்று அறியப்படுகிறது.

மார்வெல் நிறுவனத்தின் கதைகள் பெரும்பாலும் உண்மையான நியூயார்க் நகரில் நடப்பதால், அங்கு ஊகம் இன்னும் எளிதாகவே வேர் பிடித்தது. 1963-ல் வெளிவந்த 'தி அமேசிங் ஸ்பைடர்-மேன்' முதல் இதழிலேயே ஸ்பைடர்-மேன் ஃபென்டாஸ்டிக் ஃபோர் குழுவில் வேலை கேட்டுச் செல்கிறார். ஒரு தொடரில் நடந்ததை மற்றொரு தொடரின் கட்டத்தில் உடுக்குறியிட்ட அடிக்குறிப்பு சுட்டியது. அடிக்குறிப்பு சுட்டாத தொடர்பை வாசகர் தாமே தேடினர். ஒரே நாயகர் ஒரே சமயத்தில் இரு தொடர்களில் இரு வேறு இடங்களில் இருப்பது எப்படி என்பது போன்ற முரண்களைக் கண்டு, அவை பிழையே அல்ல என்று நிறுவும் விளக்கத்தையும் எழுதி அனுப்பியவருக்கு, ஸ்டான் லீ நோ-பிரைஸ் என்னும் பரிசை வழங்கினார். உள்ளே ஒன்றும் இல்லாத அஞ்சல் உறையே அப்பரிசு. அந்த வெற்று உறையைப் பெறுவதற்காகச் செலவிடப்பட்ட உழைப்பை நோக்கினால், ஊகத்தின் பயன் ஊகிப்பதிலேயே இருந்தது என்பது விளங்கும்.

சில சமயங்களில் ஊகம் அச்சிலும் ஏறியது. 1980-ல் வெளிவந்த 'எக்ஸ்-மென்' 137-ஆம் இதழில் ஜீன் கிரே இறந்தபின், அவர் உண்மையில் இறந்திருக்க வேண்டியதில்லை என்று அப்போது கல்லூரி மாணவரும் தீவிர வாசகருமாக இருந்த கர்ட் பியூசிக் ஒரு விளக்கம் கண்டார்: இறந்தது ஃபீனிக்ஸ் என்னும் ஆற்றல் எடுத்த நகல் உருவம், உண்மையான ஜீன் ஜமைக்கா விரிகுடாவின் அடியில் ஒரு கூட்டுக்குள் உறங்கிக்கொண்டிருக்கிறார். இவ்விளக்கம் எழுத்தாளர் ரோஜர் ஸ்டெர்ன் வழியாக ஜான் பைர்னை எட்டி, 1986-ல் 'அவெஞ்சர்ஸ்', 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்', 'எக்ஸ்-ஃபேக்டர்' ஆகிய மூன்று தொடர்களைக் கோத்த கதையாயிற்று. ஒரு மரணத்தின் கனத்தை அது குறைத்துவிட்டது என்ற குறைகூறல் நியாயமானதே. ஆயினும் பழைய இதழ்களின் ஒரு கட்டத்தைக்கூடப் பொய்யாக்காமல் கதையைத் திருப்பிய அதன் நேர்த்தி, ஊகக் கலையின் உச்சங்களுள் வைத்து எண்ணத்தக்கது.

இந்த மரபின் முழுமையான உருவம் மார்க் குரூன்வால்ட். 1970-களில் 'ஆம்னிவர்ஸ்' என்ற ரசிகர் இதழை நடத்தி, காமிக்ஸ் உலகங்களின் இணைநிலை, காலப்பயணம், ஒன்றிலிருந்து மற்றொன்று கிளைக்கும் முறை ஆகியவற்றை ஒரு மெய்யியல் துறைக்குரிய ஒழுங்கோடு ஆராய்ந்த அவர், 1978-ல் மார்வெலில் பணியேற்று, 1980-களில் அந்நிறுவனத்தின் கதைமாந்தர் கையேட்டை உருவாக்கினார். 1996-ல் அவர் மறைந்தபின், அவர் எழுதிய 'ஸ்குவாட்ரன் சுப்ரீம்' தொகுப்பின் அச்சு மையில், அவர் விருப்பப்படியே அவருடைய அஸ்தி கலக்கப்பட்டது.

டிசி நிறுவனம் எதிர்த்திசையில் சென்றது. ஏற்கெனவே சந்தித்த ஒருவர் நாயகரை அடையாளம் காணாதது ஏன் என்று கேட்டு 1981-ல் 'கிரீன் லேன்டர்ன்' இதழில் வெளியான ஒரு வாசகர் கடிதம், இத்தகைய குழப்பங்களை ஒருநாள் சீர்செய்ய வேண்டும் என்று பதிப்பாசிரியர் மார்வ் வுல்ஃப்மேனை எண்ணவைத்தது. அதன் விளைவான 'கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்' (1985–86) பன்னிரண்டு இதழ்களில், ஜார்ஜ் பெரெஸின் ஓவியத்தில், பல பூமிகளையும் அழித்து ஒன்றாக்கியது. வாசகர்கள் கால் நூற்றாண்டாக வரைந்த வரைபடம் இதனால் செல்லாததாயிற்று. ஆனால் அழிக்கப்பட்டவற்றுள் எவை எஞ்சின என்பதே அடுத்த ஊகத்துக்குப் பொருளாகவும் ஆயிற்று.

நிறுவன எல்லையைத் தாண்டிய ஊகங்கள்

ஒரே நிறுவனத்துத் தொடர்களுக்கு இடையிலான ஊகத்தைக் கதைத் தொடர்ச்சி கட்டுப்படுத்துகிறது என்றால், இரு நிறுவனங்களுக்கு இடையிலான ஊகத்தைக் கட்டுப்படுத்துவது உரிமைச் சட்டம். வெளிப்படையாகச் சந்திக்க முடியாத நிலையில், எழுத்தாளர்கள் மறைமுக வழிகளைக் கண்டனர். 1969-ல் ராய் தாமஸ் அவெஞ்சர்ஸுக்கு எதிராக நிறுத்திய ஹைபீரியன், நைட்ஹாக், டாக்டர் ஸ்பெக்ட்ரம், விஸ்ஸர் ஆகியோர் முறையே சூப்பர்மேன், பேட்மேன், கிரீன் லேன்டர்ன், ஃப்ளாஷ் ஆகியோரின் சாயல்கள். 1971-ன் தொடக்கத்தில் மறுபுறம் மைக் ஃபிரெட்ரிக் ஜஸ்டிஸ் லீக் கதையொன்றில் அவெஞ்சர்ஸின் சாயல்களைக் கொண்டுவந்தார். 1972 இலையுதிர்காலத்தில் ஸ்டீவ் எங்கல்ஹார்ட், ஜெர்ரி கான்வே, லென் வைன் மூவரும் வெர்மான்ட் மாநிலத்தின் ரட்லண்ட் நகரில் நடக்கும் ஹாலோவீன் ஊர்வலத்தைக் களமாக்கி, மார்வெலின் இரு இதழ்களிலும் டிசியின் ஓர் இதழிலும் ஒரே இரவின் கதையைப் பகிர்ந்து எழுதினர். எந்த இதழும் மற்றதைப் பெயர் சொல்லிச் சுட்டவில்லை. மூன்றையும் படித்தவருக்கு மட்டுமே அது சந்திப்புக் கதை என்பது புலப்பட்டது.

1976-ல் சூப்பர்மேனும் ஸ்பைடர்-மேனும் அதிகாரபூர்வமாகச் சந்தித்தபின், ஜஸ்டிஸ் லீக்–அவெஞ்சர்ஸ் சந்திப்பு எப்போது என்பதே பெரிய கேள்வியாயிற்று. 1979-ல் இரு நிறுவனங்களும் அதற்கு உடன்பட்டு, கான்வே கதைச்சுருக்கம் எழுத, பெரெஸ் 21 பக்கங்கள் வரைந்தும் முடித்தார். ஆனால் கதைப்போக்கு பற்றிய கருத்து வேறுபாட்டால் 1983-ல் திட்டம் கைவிடப்பட்டது. வரையப்பட்டும் வெளிவராத அப்பக்கங்கள் இருபது ஆண்டுகள் வாசகர் கற்பனையில் வளர்ந்தன. கடைசியில் 2003–04-ல் நான்கு இதழ்களாக வெளிவந்த 'ஜேஎல்ஏ/அவெஞ்சர்ஸ்' கதையை எழுதியவர், ஜீன் கிரேயை உயிர்ப்பித்த அதே பியூசிக். வரைந்தவர் அதே பெரெஸ். இரு உலகங்களின் பூமிகள் அளவில் வேறுபடுகின்றன, ஓர் உலகில் நாயகர்கள் வழிபடப்படுகிறார்கள், மற்றதில் அஞ்சப்படுகிறார்கள் என்ற, வாசகர்கள் நெடுங்காலம் பேசிய வேறுபாடுகளையே அக்கதை தன் மோதலுக்கு அடிப்படையாக்கிக்கொண்டது. இவ்வகைக் கதைகளுள் அது மிகச் சிறந்ததாக நிலைப்பதற்கு அதுவே காரணம். 2022-ல், நோயுற்றிருந்த பெரெஸைப் போற்றும் வகையில், ஹீரோ இனிஷியேட்டிவ் என்ற நல அமைப்புக்காக 7,000 படிகள் மட்டும் அது மறுபதிப்பானது. அதே ஆண்டு மே மாதம் பெரெஸ் காலமானார்.

யார் வெல்வார் என்ற கேள்வியை வாசகரிடமே விட்ட முயற்சி 1996-ல் நடந்தது. டிசியும் மார்வெலும் சேர்ந்து வெளியிட்ட தொடரில் பதினொரு மோதல்களுள் ஐந்தின் முடிவு வாசகர் வாக்கெடுப்பால் தீர்மானிக்கப்பட்டது. ஸ்டார்ம் வொண்டர் வுமனையும், வுல்வரின் லோபோவையும் வென்ற முடிவுகள், ஆற்றலைவிட அன்றைய விற்பனைப் புகழுக்கே வாக்கு விழுந்தது என்பதைக் காட்டின. நல்ல ஊகம் பெரும்பான்மையால் அமைவதன்று, காரணத்தால் அமைவது என்பதற்கு அத்தொடர் எதிர்மறைச் சான்று.

பிற நாட்டு மரபுகள்

அமெரிக்க நாளிதழ்த் தொடர்களில் லீ ஃபாக் படைத்த மாண்ட்ரேக் (1934), வேதாளர் (1936) ஆகிய இருவரும் ஒரே கையில் பிறந்தவர்கள் என்பதால், அவர்கள் அறிமுகமானவர்களாகவே இருக்க வேண்டும் என்ற எண்ணம் இயல்பானது. 1977-ல் வேதாளர்–டயானா திருமணத்துக்கு மாண்ட்ரேக் விருந்தினராக வந்தார். முத்து காமிக்ஸ் வழியாக இவ்விருவரையும் தமிழ் வாசகர்கள் நன்கறிவர்.

லயன் காமிக்ஸ் வழியாகத் தமிழுக்கு அறிமுகமான டெக்ஸ் வில்லரின் தாயகமான இத்தாலியில், பொனெல்லி நிறுவனத்தின் நாயகர்களிடையே இவ்வழக்கம் வேறு வகையில் வளர்ந்தது. லண்டனின் டைலன் டாக்கும் நியூயார்க்கின் மார்ட்டின் மிஸ்டரியும் ஒரே காலத்தவர். ஆகவே 1990-ல் அவர்களைச் சந்திக்கவைப்பதில் இடர் இருக்கவில்லை. டெக்ஸும் ஸேகோரும் அப்படியல்லர். ஸேகோரின் கதைகள் 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலும், டெக்ஸின் கதைகள் பெரும்பாலும் அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின்னும் நடப்பதால், ஒருவர் இளைஞராகவும் மற்றவர் முதியவராகவும் இருந்தாலன்றி அவர்கள் எதிர்ப்பட இயலாது. 2021-ல் மௌரோ போசெல்லி எழுதிய கதை, அந்தக் காலக்கணக்கு அனுமதித்த வழியிலேயே, இளம் டெக்ஸை முதிய ஸேகோரிடம் கொண்டுசேர்த்தது.