சுவர்ப்படமும் தொலைக்காட்சியும்

நிறுத்தியபின் ஓவியமாகச் சுவரில் நிற்கும் தொலைக்காட்சிப் பெட்டியைச் சாம்சுங் நிறுவனம் 2017-ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. சட்டமிட்ட படம் போன்ற தோற்றம். அறையில் ஆள் நடமாட்டம் இருந்தால் ஓவியம் தெரியும், இல்லையேல் அணையும். புதுமைதான். ஆயினும் மலாக்காத் தமிழர் வீட்டுச் சுவர்களுக்குப் படம் புதிதன்று.

இம்மாநிலத்தின் புக்கிட் லிந்தாங்கில் 1896-இல் டான் சே யான் ரப்பர் பயிரிட்டார். மலாயாவின் வாணிப ரப்பர்த் தோட்டங்களுக்கு அதுவே தொடக்கம். அதற்கு ஈராண்டு முன்னர், 1894-இல், ஓவியர் ரவிவர்மா பம்பாயில் அச்சகம் நிறுவினார். எண்ணெய் வண்ணத்தில் எழுதிய தெய்வப்படம் அதுவரை அரண்மனைக்கும் செல்வர் மாளிகைக்குமே உரியது. அச்சேறியதும் இலக்குமியும் சரசுவதியும் எளியோர் வீட்டுக்கும் வந்தனர். ரவிவர்மா பிறந்த திருவாங்கூரில், தாழ்த்தப்பட்டோருக்கு அரசுக் கோயில்கள் திறக்கப்பட்டது 1936 நவம்பர் 12-இல்தான் என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். கோயிற்கதவு திறக்குமுன்பே தெய்வம் தாளில் ஏறிக் குடிசைக்குள் புகுந்துவிட்டது!

பின்னாளில் கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜுவும் (1898–1976) அவர்தம் மாணவரும் வரைந்த படங்கள் சிவகாசியில் நாட்காட்டிகளாக அச்சாயின. கடைக்காரர் கொடுத்த நாட்காட்டிப் படங்கள் தோட்டத்து லயங்களிலும் தொங்கின. ஆண்டு முடிந்து தேதித்தாள் தீர்ந்தாலும் முருகனைக் குப்பையில் எறிய யாருக்கு மனம் வரும்? கண்ணாடிச் சட்டம் போட்டார்கள், பொட்டு வைத்தார்கள். பக்கத்தில் மறைந்த பெரியவரின் நிழற்படம், அதற்கும் ஒரு பொட்டு, ஒரு மாலை. இவற்றை அலங்காரம் என்று எவரும் கருதியதில்லை.

கோலாலம்பூரில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1963 டிசம்பர் 28-இல் தொடங்கியது. வண்ணம் வந்தது 1978-இல். மின்சாரம் எட்டாத லயங்களில் கார் பேட்டரியை இணைத்துப் பார்த்தவர்களும் உண்டு. பெட்டி வைத்திருந்த வீட்டில் அண்டை அயலார் தரையில் அமர்ந்து படம் பார்த்தனர். மரக்கதவு கொண்ட அந்தப் பெட்டியின் தலைமேல் பின்னல் துணி விரித்து, பூச்சாடியும் குடும்பப் படமும் வைப்பது வழக்கமாயிற்று. தொலைக்காட்சி படத்தை விரட்டவில்லை, அதற்குப் பீடமாயிற்று.

தட்டைத் திரை வந்தபின் அந்தப் பீடம் போயிற்று. அதே காலத்தில் ரப்பர்க் காடுகள் செம்பனையாகவும் வீடமைப்பு நிலமாகவும் மாற, லயத்தை விட்டு நகரத்து அடுக்குமாடிக்குக் குடியேறியவர் பலர். அங்கே கூடத்தில் நல்ல சுவர் ஒன்றே. அதைத் திரை எடுத்துக்கொண்டால் தாத்தாவின் படம் அலமாரிக்குள்தான் போக வேண்டும்.

இக்குறையைத் தீர்க்கவே போலும், வீட்டாரின் சொந்தப் படத்தையும் ஓவியத் தொலைக்காட்சியில் ஏற்றிக்கொள்ளலாம். தாத்தா முன்னிலும் தெளிவாகத் தெரிவார். மாலையைச் சட்டத்தில் மாட்டிவிடலாம். பொட்டை எங்கே வைப்பது? அடுத்த நொடி அந்த இடத்தில் செய்தி வாசிப்பவர் தோன்றுவார். எல்லாரும் வேலைக்குப் போனபின் திரையும் இருண்டுவிடும். லயத்தில் மாட்டிய பழைய படமோ, வீட்டார் விடியுமுன் பால்வெட்டப் போனபின்னும் பொட்டோடு சுவரிலேயே இருந்தது.