கறுப்பர் என்னும் சொல்லுக்குள் தமிழர் வந்த வழி

திருத்துறைப்பூண்டிப் பக்கம் சாவு வீட்டுக்கோ அம்மன் திருவிழாவுக்கோ தப்படிக்க வருகிறவர்கள் வந்ததும் வராததுமாக அடிக்கத் தொடங்குவதில்லை. ஒரு பிடி வைக்கோலைக் கொளுத்தி, தோலை அனலில் காட்டித் திருப்பித் திருப்பிக் காய்ச்சுவார்கள். விரலால் சுண்டிப் பார்த்து, கணீரென்று கேட்ட பிறகுதான் குச்சியைக் கையிலெடுப்பார்கள். கரீபியன் கடலிலுள்ள குவாதலூப் தீவில் மாரியம்மனுக்குக் கிடா வெட்டும் நாளில் முழங்கும் தோற்கருவிக்கும் அதே பெயர்தான். பிரெஞ்சு வாயில் 'தப்பு' கொஞ்சம் நீண்டு 'தாப்பு' ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். அங்கே கும்பிட வருகிற கூட்டத்தில் ஆப்பிரிக்க வழிவந்தவர்களும் உண்டு.

இந்த இரு கூட்டமும் ஒரே வாசலில் வந்து நின்றது தற்செயல் அல்ல. பிரிட்டிஷ் குடியேற்றங்களில் 1834 ஆகஸ்ட் 1 அன்றும், பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1848-லும் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. விடுதலையான ஆப்பிரிக்கர்கள் பழைய எசமானின் கரும்புக் காட்டில் அவன் சொன்ன கூலிக்கு வேலை செய்ய மறுத்தார்கள். தோட்டக்காரர்கள் வேறு கைகளைத் தேடினார்கள். மார்ட்டினிக் தீவுக்கு முதல் தமிழ்க் கூலிக் கப்பல் 'ஓரேலி' 1853 மே மாதம் போய்ச் சேர்ந்தது. அதே கப்பல் மறு ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் குவாதலூப்பில் நங்கூரமிட்டது. அதன்பின் மார்ட்டினிக்குக்கு 25,000 பேருக்கு மேலும் குவாதலூப்புக்கு 42,000 பேருக்கு மேலும் போனார்கள். தமிழரை ஏற்றிய முக்கியத் துறைமுகங்கள் புதுச்சேரியும் காரைக்காலும். நாகப்பட்டினத்தைத் தாண்டினால் காரைக்கால். தஞ்சை மாவட்டத்துப் பண்ணையாளுக்கு அது எட்டாத ஊர் அல்ல.

போனவர்கள் படுத்தது பெரும்பாலும் அடிமைகள் படுத்த அதே குடிசை வரிசையில். ஐந்தாண்டு ஒப்பந்தம் என்று காகிதத்தில் இருந்தது. ஆனால் அவர்கள் வந்து நின்றதாலேயே விடுதலையானவர்களின் கூலி ஏறாமல் போனது. கப்பலேறியவனுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க நியாயமில்லை. ஆக, இந்த உறவு தொடங்கியது தோழமையில் அல்ல. ஒருவன் வயிற்றில் அடிக்க இன்னொருவனைக் கொண்டுவந்ததில்தான்.

தமிழன் அடிமையாகவே விற்கப்பட்ட காலமும் உண்டு என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். 1658-இல் நாகப்பட்டினம் டச்சுக்காரர் கைக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் தஞ்சைச் சீமையைப் படையெடுப்பும் பஞ்சமும் சூறையாட, ஆயிரக்கணக்கானோர் சோழமண்டலக் கரையில் விலைக்கு வாங்கப்பட்டு இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் அனுப்பப்பட்டார்கள்.

மறுபடி குவாதலூப்புக்கு வருவோம். கூலிகள் போன பிறகு அங்கே ஒரு விசித்திரம் நடந்தது. விடுதலையான ஆப்பிரிக்கர் 1848-லேயே பிரெஞ்சுக் குடிமக்கள் ஆகிவிட்டார்கள். அதே மண்ணில் பிறந்த கூலித் தமிழரின் பிள்ளைகளுக்கோ வாக்குரிமை இல்லை. 1863-இல் அங்கே பிறந்த ஆன்ரி சிதம்பரம் 1904-இல் இதற்காக வழக்காடத் தொடங்கினார். தீர்வு கிடைத்தது 1923-இல். அதுவரை தீவின் சட்டத்தில் கறுப்பருக்கும் கீழே ஒரு படி இருந்தது. அதில் தமிழர் நின்றார்கள்.

தென்னாப்பிரிக்காவில் கதை வேறு திசையில் போயிற்று. 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்தது. 1911 வரை 1,52,000 பேர் இறங்கினார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகத்து ஆட்கள். குமாஸ்தாக்களின் காதுக்கு எட்டியபடி முதலியார் மூட்லி ஆனார், கவுண்டர் கோவெண்டர் ஆனார். தில்லையாடியிலிருந்து போன குடும்பத்தில் பிறந்த வள்ளியம்மை 1914-இல் சிறைவாசத்தின் விளைவாக உயிர்விட்டபோது, அவர் நின்ற போராட்டம் இந்தியருக்கான போராட்டமாகத்தான் இருந்தது. ஆப்பிரிக்கரோடு சேர்த்து எண்ணப்படுவதை அன்றைய இந்தியத் தலைவர்கள், காந்தி உட்பட, அவமானமாகவே கருதினார்கள். நம் பாடப்புத்தகங்கள் இந்த இடத்தில் வேகமாகப் பக்கம் புரட்டிவிடுகின்றன.

1947-இல் தென்னாப்பிரிக்க இந்தியத் தலைவர்களான டாக்டர் நாயக்கரும் டாக்டர் தாதுவும் ஆப்பிரிக்கத் தலைவர் டாக்டர் சூமாவும் ஒத்துழைப்பு உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. 1949 ஜனவரியில் டர்பன் சந்தைப் பக்கம் இந்தியக் கடைக்காரர் ஒருவர் ஆப்பிரிக்கச் சிறுவனை அடித்தது கலவரமாக வெடித்து, 142 பேர் செத்தார்கள்.

அதே நாற்பதுகளில் ஊரோடு இருந்துவிட்டவர்கள் என்ன ஆனார்கள்? திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி வட்டாரத்துப் பண்ணைகளில் சாட்டையடியும் சாணிப்பாலும் நடைமுறையில் இருந்தன. சாணியைக் கரைத்துக் குடிக்க வைப்பதற்குத்தான் அப்படி ஒரு பெயர். 1943 முதல் இங்கே பண்ணையாட்களைத் திரட்டிய பி. சீனிவாசராவுக்குத் திருத்துறைப்பூண்டியில் நினைவிடம் இருக்கிறது. 1944-இல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தம் அந்த இரு தண்டனைகளையும் விலக்கியது. 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1946-இல் அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, தீண்டப்படாதோர் நிலையும் நீக்ரோக்கள் நிலையும் ஒத்திருப்பதைச் சுட்டினார். ஆனால் காவிரி டெல்டாவில் யாரும் தம்மைக் கறுப்பர் என்று அழைத்துக்கொள்ளவில்லை. இங்கே அடித்தவனும் அடிபட்டவனும் ஒரே நிறம், பிரித்தது சாதி.

அந்தச் சொல்லைத் தமிழ்ப் பெயர்க்காரர்கள் விரும்பி எடுத்துக்கொண்டது டர்பனில்தான். ஸ்டீவ் பிக்கோ 1969-இல் தலைவரான தென்னாப்பிரிக்க மாணவர் அமைப்பு, 'வெள்ளையர் அல்லாதார்' என்ற அரசுச் சொல்லைத் தூக்கி எறிந்தது. 'அல்லாதார்' என்பதில் தன்னைப் பற்றி என்ன இருக்கிறது? சட்டத்தாலும் வழக்கத்தாலும் ஒடுக்கப்பட்ட அனைவரும் கறுப்பரே என்று அது வரையறுத்தது. ஸ்ட்ரினி மூட்லி அதன் முன்னணியாளர். 1974-இல் டர்பனில் நடந்த மொசாம்பிக் விடுதலை ஆதரவுப் பேரணியை ஒட்டிய வழக்கில் அவர் ராபன் தீவுச் சிறைக்குப் போனார். முதலியார் என்ற பெயரின் எச்சத்தைச் சுமந்தவர், கறுப்பர் என்ற பெயருக்காகச் சிறை சென்றார்.

லண்டனில் இதையே வேறு வழியில் செய்தவர் யாழ்ப்பாணத்து அ. சிவானந்தன். 1958-இல் கொழும்பில் தமிழருக்கு எதிரான கலவரத்தைப் பார்த்துவிட்டு லண்டன் போய் இறங்கினால், அங்கே நாட்டிங் ஹில்லில் கரீபியக் கறுப்பரை வெள்ளையர் தாக்கிக்கொண்டிருந்தார்கள். நூலகராகச் சேர்ந்த இனவுறவு ஆய்வு நிறுவனத்துக்குப் பின்னாளில் இயக்குநரானார். 1974 முதல் 'ரேஸ் அண்ட் கிளாஸ்' இதழில் கறுப்பு என்பது தோலின் நிறமன்று, அரசியலின் நிறம் என்ற வாதத்தை வளர்த்தார். பிரிட்டனில் அந்தப் பொதுப்பெயர் பின்னர் தேய்ந்தது. 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தில் கறுப்பருக்கும் இந்தியருக்கும் தனித்தனிக் கட்டங்கள் வந்துவிட்டன.

தென்னாப்பிரிக்காவில் அது சட்டமாகவே ஆனது. 1998-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தில் 'கறுப்பின மக்கள்' என்றால் ஆப்பிரிக்கர், கலப்பினத்தார், இந்தியர். டர்பனில் வேலைக்கு விண்ணப்பிக்கும் ஒரு படையாச்சி இன்று சட்டப்படி கறுப்பர். அதே டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் 2021 ஜூலைக் கலவரத்தின்போது, கொள்ளைக்கு அஞ்சிக் குடியிருப்பாளர்கள் தெருவை மறித்து நின்ற நாட்களில் முப்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர். மறித்து நின்றவர்களில் பெரும்பாலோர் இந்திய வம்சாவளியினர்.