நுண்ணோக்கியும் காசநோய்க் கிருமியும்: திருவள்ளூர் வட்டாரம்

நுண்ணோக்கி, வெறுங்கண்ணுக்குத் தெரியாத சிறு பொருள்களைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி. எத்தனை மடங்கு பெரிதாக்குகிறது என்பதை வைத்தே பலரும் அதை மதிப்பிடுகிறார்கள். அது போதுமான அளவுகோல் அன்று. நெருங்கியிருக்கும் இரு புள்ளிகளைத் தனித்தனியாகக் காட்டுகிறதா, பார்க்கும் பொருள் பின்னணியிலிருந்து எடுப்பாகத் தெரிகிறதா, ஒரு பார்வையில் எவ்வளவு பரப்பு அகப்படுகிறது என்ற மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். திருவள்ளூர் சுற்றுவட்டாரத்தில் பல பத்தாண்டுகளாக நடந்த காசநோய் ஆய்வுகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

ஒளியால் பார்க்கும் நுண்ணோக்கியின் எல்லையை 1873-ல் ஜெர்மானிய இயற்பியலர் எர்ன்ஸ்ட் அபே கணக்கிட்டார். எண்ணெய் விட்டுப் பார்க்கும் உயர்தர லென்ஸாலும் ஏறத்தாழ 200 நானோமீட்டருக்குக் குறைந்த இடைவெளியைப் பிரித்தறிய முடியாது. காசநோய்க் கிருமியின் நீளம் 2 முதல் 4 மைக்ரோமீட்டர். தடிமன் அரை மைக்ரோமீட்டருக்கும் குறைவு. ஆக, எல்லைக்குள் அடங்கும் அளவுதான். ஆனாலும் அது நெடுங்காலம் யார் கண்ணிலும் படவில்லை. நிறமற்ற அந்தக் கிருமியின் மெழுகு போன்ற மேலுறை சாயத்தை எளிதில் ஏற்காது. 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் காக் அதைக் கண்டறிந்ததாக அறிவித்தபோது, அவருக்குக் கைகொடுத்தது புதிய லென்ஸை விடச் சாயமேற்றும் முறைதான். அதையடுத்துச் சீல், நீல்சன் இருவரும் அந்த முறையைச் செப்பனிட்டார்கள். கார்பால் பியூக்சின் சாயத்தைச் சூடாக்கி ஏற்றினால் உள்ளே போய்விடும். பிறகு கந்தக அமிலம் விட்டுக் கழுவினாலும் வெளியே வராது. நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகளாகக் கிருமிகள் தெரியும். அரசு ஆய்வகங்களில் தலைமுறை தலைமுறையாக ஸ்லைடு பார்த்தது இந்த முறையில்தான்.

சென்னை சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம்தான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 1968-ல் திருவள்ளூரைச் சுற்றிய ஊர்களில் பி.சி.ஜி. தடுப்பூசியின் பயனைச் சோதிக்கும் பெரிய ஆய்வைத் தொடங்கியது. திருவள்ளூர் அப்போது செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்ததால், உலக மருத்துவ நூல்களில் அதற்குச் ‘செங்கற்பட்டு ஆய்வு’ என்றே பெயர். மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த பகுதி அது. எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தால் மட்டும் போதாது. பழைய தழும்பும் நிழலாகத் தெரியும். ஆகவே நோய் உண்டா இல்லையா என்ற தீர்ப்பைச் சளிப் பரிசோதனையே சொன்னது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்ற முடிவு 1979-ல் வெளியாகி உலகை அதிரவைத்தது. பதினைந்து ஆண்டுத் தொடர் கண்காணிப்பும் அதையே உறுதிசெய்தது.

சளியை நுண்ணோக்கியில் பார்க்கும் முறைக்கும் ஒரு குறை உண்டு. ஒரு மில்லிலிட்டர் சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் ஸ்லைடில் ஒன்றேனும் சிக்கும். காரணம் எளிய கணக்கு. 3 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலத்துக்குப் பூசிய சளியின் பரப்பு 600 சதுர மி.மீ. ஆயிரம் மடங்கு பெரிதாக்கும்போது ஒரு பார்வையில் தெரியும் வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 0.2 மி.மீ. தான். விதிப்படி நூறு இடங்களைப் பார்த்தாலும் மொத்தம் 3 சதுர மி.மீ., அதாவது பூசியதில் அரை சதவீதம். பார்க்காத மிச்சத்தில் எது இருந்தாலும் ‘நெகடிவ்’ என்றே எழுத வேண்டியிருக்கும். 1999-க்குப் பின், நேரடிக் கண்காணிப்பில் மருந்து கொடுக்கும் டாட்ஸ் சிகிச்சையின் பயனை அறியத் திருவள்ளூர் மாவட்டத்தில் நடந்த கணக்கெடுப்புகளில், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனை காட்டிக்கொடுத்த நோயாளிகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேரே நுண்ணோக்கியில் பிடிபட்டார்கள். மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியையும், செத்த கிருமியையும் அது வேறுபடுத்திக் காட்டாது. எல்லாம் ஒரே சிவப்புக் குச்சிகள்தான்.

அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டியது ஒளிர் நுண்ணோக்கி. ஆரமின் சாயம் ஏறிய கிருமி இருட்டில் மஞ்சளாக மின்னுவதால் குறைந்த பெரிதாக்கமே போதும்; பரப்பு கூடுகிறது, வேலையும் சீக்கிரம் முடிகிறது. பாதரச விளக்கின் விலையும் குறைந்த ஆயுளும்தான் அதைப் பெரிய ஆய்வகங்களோடு நிறுத்திவைத்திருந்தன. எல்.இ.டி. விளக்கு வந்த பிறகு, 2011-ல் உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைத்தது.

எலக்ட்ரான் நுண்ணோக்கி (1931, பெர்லின், நோல் மற்றும் ருஸ்கா) நானோமீட்டருக்கும் குறைந்த நுணுக்கத்தைக் காட்டும். ஒளி நுண்ணோக்கிக்கு எட்டாத வைரஸ்கள் அதில் தெரியும். 2020-ல் புனே தேசிய வைராலஜி நிறுவனம் கொரோனா வைரஸைப் படம் பிடித்தது இவ்வகைக் கருவியால்தான். ஆனால் மாதிரியை மெல்லிய படலமாக்கி வெற்றிடத்தில் வைக்க வேண்டும். உயிரோடு எதையும் பார்க்க இயலாது. காசநோய்க் கிருமியின் மேலுறை அடுக்குகளை ஆராய அது அருமையான கருவி. நோயாளியின் சளியில் கிருமியைத் தேட அதைப் பயன்படுத்துவது வீண் வேலை. பார்க்கும் பரப்பு அவ்வளவு சிறிது.

நுண்ணோக்கியின் வேலை நோயோடு நின்றுவிடவில்லை. இதே மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டியில் இரும்பு, எஃகு ஆலைகள் அதிகம். எஃகுக்குள் ஒளி ஊடுருவாது என்பதால் உலோக நுண்ணோக்கியில் வெளிச்சம் மேலிருந்தே விழும். 1860-களில் ஷெஃபீல்டில் ஹென்றி சோர்பி கையாண்ட வழி இது: மெருகேற்று, அமிலத்தால் லேசாக அரி, பார். எஃகின் படிக மணிகளின் அளவும் வார்ப்பிரும்பில் கிராஃபைட் படிந்திருக்கும் விதமும் தெரியும். ஆனால் கலந்துள்ள தனிமங்களின் அளவுக்கு ஸ்பெக்ட்ரோமீட்டரும், உள்ளே புதைந்த விரிசலுக்கு அல்ட்ராசோனிக் சோதனையும் தேவை.

காசநோய்க்குத் திரும்பினால், அதைக் கண்டறிவதில் இன்று சிபிநாட், ட்ரூநாட் போன்ற மரபணுச் சோதனைகளுக்கே முதலிடம். குறைந்த கிருமியையும் அவை பிடிக்கும். ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியையும் காட்டிக்கொடுக்கும். செத்த கிருமியின் மரபணுவையும் அவை கணக்கில் எடுத்துவிடுவதால், சிகிச்சையின் முன்னேற்றத்தைப் பார்க்கச் சளி ஸ்லைடு இன்னும் கைவிடப்படவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உள்ளவர்கள், ஸ்லைடு ‘நெகடிவ்’ என்று வந்தாலும் அரசு மருத்துவமனையில் மரபணுச் சோதனையைக் கேட்டுப் பெற வேண்டும், அது இலவசம்.