கூடிக் கலை வளர்த்த கதை



கலை என்றதும் நம்மில் பலருக்கு நகரத்து மேடையும், விலை கொடுத்து வாங்கும் நுழைவுச் சீட்டுமே நினைவுக்கு வருகின்றன. தோட்டத்து மக்களாகிய நமக்கும் கலைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களும் உண்டு. அந்தக் கேள்விக்கு இன்று வரலாற்றைக் கொண்டு விடை காண்போம்.

1886ஆம் ஆண்டு கோலாலம்பூருக்கும் கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவுக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கியது. அந்தப் பாதையில் உழைத்தவர்களில் தமிழர் ஏராளம். செங்கற் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸ், நாளடைவில் இரயில்வே தொழிலாளர்களின் குடியிருப்பாகவும் ஆயிற்று. பின்னர் ரப்பர் பெருகியது. கிள்ளான் வட்டாரமெங்கும் தோட்டங்கள் எழுந்தன. தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆர்க்காடு எனப் பல மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் அடுத்தடுத்த லயத்து வீடுகளில் குடியேறினர். அவர்களுக்கு ஊர் வேறு, பேச்சு வழக்கு வேறு, குலதெய்வம் வேறு. சாதி வேற்றுமையும் அவர்களோடு சேர்ந்தே கப்பலேறி வந்தது.

இவர்களை ஓரிடத்தில் ஒன்றாக உட்கார வைத்தவை கோயில் திருவிழாவும் அதையொட்டி நடந்த கூத்தும் ஆகும். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டுப் பால் மரம் வெட்டப் போனவரே, இரவில் அரிதாரம் பூசி அருச்சுனனாக நின்றார். ஒருவர் பாடினார், ஒருவர் மத்தளம் கொட்டினார், ஒருவர் விளக்குக்கு எண்ணெய் வார்த்தார். பார்த்தவர்களும் ஆடியவர்களும் ஒரே தோட்டத்து மக்களே.

ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும் அல்லவா? அந்தக் களத்திலும் எல்லாருக்கும் சம இடம் இருந்ததில்லை. பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினர். பெண்களுக்குக் கும்மியும் தாலாட்டும் ஒப்பாரியும் மட்டுமே மிஞ்சின. பறையடிப்பது இன்னார் தொழில் என்று ஒதுக்கி வைத்த தமிழகத்து வழக்கமும் கடல் கடந்து வந்திருந்தது. கலை மக்களைச் சேர்த்தது. ஆயினும் பழைய கோடுகளை அது தானாக அழித்துவிடவில்லை.

கலை இன எல்லையைத் தாண்டியதற்கும் இந்நாட்டு வரலாற்றில் சான்று உண்டு. இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்கள் பினாங்கில் ஆடிய நாடகங்களைப் பார்த்தே பங்சாவான் என்னும் மலாய் நாடக வடிவம் பிறந்தது. 1885ஆம் ஆண்டு மாமாக் புஷி என்பவர் பினாங்கில் முதல் பங்சாவான் குழுவை அமைத்தார். இந்திய நாடகம் மலாய் மொழி பேசிற்று. பல இனத்தவரும் அதைப் பார்க்கத் திரண்டனர்.

இனி 1941க்கு வருவோம். அவ்வாண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன் அதில் முன்னின்றார். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும் என்று மட்டும் அவர்கள் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், கூடிப் பேச உரிமை வேண்டும், உறவினரும் நண்பர்களும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும் என்றும் கேட்டனர். இந்தக் கோரிக்கைகளைச் சற்று எண்ணிப் பாருங்கள். தோட்டம் பிறருக்குச் சொந்தமான நிலம். கூடுவதற்கே உரிமை இல்லாத இடத்தில், கூடி ஆடுவதும் துரை மனம் வைத்தால்தான் நடக்கும். அந்தப் போராட்டம் படையைக் கொண்டு ஒடுக்கப்பட்டது. சிலர் சுடப்பட்டு இறந்தனர். நாதன் நாடு கடத்தப்பட்டார். ஆயினும், வேலை முடிந்த பின் உள்ள பொழுது எங்களுடையது என்னும் எண்ணம் அழியவில்லை.

போருக்குப் பின் அந்தப் பொழுதை நிரப்ப ஒரு நல்ல வழி பிறந்தது. சிங்கப்பூரில் தமிழ் முரசு இதழை நடத்திய கோ. சாரங்கபாணி, 1952இல் பொங்கலையொட்டித் தமிழர் திருநாளைத் தொடங்கி வைத்தார். சாதி, சமயம் பாராமல் தமிழர் என்ற முறையில் அனைவரும் கூட வேண்டும் என்பதே அதன் நோக்கம். சிங்கப்பூரில் தோன்றிய விழா மலாயா முழுவதும் பரவிற்று. பேச்சு, கட்டுரை, பாட்டு, நாடகம் என்று போட்டிகள் நடந்தன. கள்ளுக்கடைக்குப் போகும் மாலை நேரம் நாடக ஒத்திகைக்கு உரியதாயிற்று. தோட்டத்துப் பிள்ளைகள் முதன்முறையாக மேடையேறி, நடுங்கும் குரலில் பேசத் தொடங்கி, பின் கணீரென்று முடித்தனர். தோட்டப்பள்ளி ஆசிரியர்களாகிய நம் முன்னோடிகள், பகலில் பாடம் சொன்ன வாயால் மாலையில் வசனமும் சொல்லிக் கொடுத்தனர்.

அந்தக் காலத்திலேயே தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்படலாயின. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன், தொழிலாளரின் சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். ஆயினும் பின்னர் வந்த ஆண்டுகளில் கிள்ளான் பள்ளத்தாக்கில் ரப்பர் மரங்கள் நின்ற இடத்தில் வீடமைப்புத் திட்டங்களும் தொழிற்சாலைகளும் எழுந்தன. மக்கள் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் சிதறினர். வேலை போயிற்று, வீடு போயிற்று என்பதை அனைவரும் அறிவர். கூத்துக் களமும் போயிற்று என்பதைக் கணக்கில் எழுதியவர் சிலரே. அப்படிச் சிதறிய குடும்பங்களின் வாழ்வைச் சொன்ன 'ஜகாட்' என்னும் தமிழ்ப்படம் 2015இல் வெளிவந்து, மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வு பெற்றது.

நகரத்திலும் புதிய களங்கள் தோன்றின. 1981இல் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி நுண்கலைக் கோயிலை நிறுவினார். பிரிக்பீல்ட்ஸில் உள்ள அதன் கட்டடத்தில் நடனமும் இசையும் கற்பிக்கப்படுகின்றன. அதைச் சார்ந்த அன்னலட்சுமி உணவகம், உண்பவர் தம் மனம் விரும்பியதைக் கொடுக்கும் முறைக்குப் பெயர் பெற்றது. 1983இல் ரம்லி இப்ராகிம் சூத்ரா நடனக் குழுவைத் தொடங்கினார். மலாய்க்காரரான அவர் பரதமும் ஒடிசியும் பயின்றவர். இன்னாருக்கு இன்ன கலை என்னும் கோட்டை அவரது வாழ்க்கையே அழித்துக் காட்டுகிறது. பத்துமலையில் 1892 முதல் நடந்துவரும் தைப்பூசத்துக்குச் சென்றால், உறுமி மேளக் குழுக்களைக் காணலாம். ஒரு காலத்தில் தாழ்வாக எண்ணப்பட்ட தோற்கருவியை இளைஞர்கள் இன்று பெருமையுடன் தோளில் தொங்கவிட்டு நடக்கின்றனர்.

நேயர்களே, இந்த வரலாறு நமக்குச் சொல்வது என்ன? பணமும் மண்டபமும் வந்த பிறகு கலை பிறந்ததில்லை. ஒரு களமும், கூடும் உரிமையும், சொல்லிக் கொடுக்க ஒருவரும் இருந்தபோதெல்லாம் அது பிறந்தது. அவற்றில் ஒன்று குறைந்தபோதெல்லாம் அது தளர்ந்தது. தோட்டம் நமக்குச் சொந்தமாக இருந்ததில்லை. ஆனால் அங்கே பாடிய பாட்டு நமக்குச் சொந்தம். அதை யாரும் விற்க முடியாது. பாடத் தெரிந்தவர் மறைந்தால் மட்டுமே அது மறையும்.

ஆகவே உங்கள் வீட்டுப் பாட்டியை இந்த வாரமே அருகில் அமர்த்திக் கேளுங்கள். நடவுப் பாட்டோ, தாலாட்டோ, கும்மியோ, அவருக்குத் தெரிந்ததைக் கைப்பேசியில் பதிந்து, சொற்களை ஏட்டிலும் எழுதி வையுங்கள். பாடியவர் பெயரையும், அவர் வாழ்ந்த தோட்டத்தின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். பிறகு பள்ளியிலோ கோயில் மண்டபத்திலோ அக்கம்பக்கத்துக் குடும்பங்களைக் கூட்டி, அந்தப் பாட்டைப் பிள்ளைகளைப் பாடச் செய்யுங்கள். அண்டை வீட்டு மலாய், சீன நண்பர்களையும் அழையுங்கள். ஆண் பிள்ளைக்கு ஒன்று, பெண் பிள்ளைக்கு ஒன்று என்று பிரிக்க வேண்டாம். நம் பாட்டனார் காலத்துக் களத்தில் விடுபட்ட இடத்தை நம் பிள்ளைகள் நிரப்பட்டும்.