காங்: ஓசையே பெயரான கதை

பழைய பிரிட்டிஷ் படங்கள் சிலவற்றின் தொடக்கத்தில் ஒரு பயில்வான் பிரம்மாண்டமான காங்கை ஓங்கி அடிப்பார், பார்த்திருப்பீங்க. ரேங்க் நிறுவனத்தோட முத்திரை அது. அந்த காங் டம்மி! நாம கேட்ட சத்தம் ஜேம்ஸ் பிளேட்ஸ் என்கிற தாளக் கலைஞர் வேறொரு கருவியில் வாசித்தது.

நிஜத்தைப் பார்க்க ஜாவாவுக்குப் போகணும். ஜாவா, மலாய் மொழிகளில் அதன் பெயர் 'கோங்'. அடிச்சா வர்ற ஓசைதான் பெயரே. 1600 வாக்கில் அது ஆங்கிலத்துக்குள் போச்சு.

நம்ம சேகண்டி மாதிரி இது தட்டையா இருக்காது. நடுவில் ஒரு குமிழ் உண்டு. சுருதி தெளிவா நிற்க அதுதான் உதவுது. கேமலான் குழுவில் மற்றவங்க விடாம வாசிக்க, பெரிய காங்குக்கு ஒரு சுற்றின் முடிவில் ஒரே ஒரு அடி. அந்தச் சுற்றுக்கே பெயர் 'கோங்கான்'. நம்ம தாளத்தில் சமம் தொடக்கத்தில் விழும், அங்கே கனமெல்லாம் கடைசியில்.

செய்யறதுதான் பெரும்பாடு. பத்துப் பங்கு செம்புக்கு மூன்று பங்கு வெள்ளீயம். இந்த வெண்கலம் ஆறினா கண்ணாடி மாதிரி உடையும். அதனால செக்கச்சிவக்கக் காய்ச்சி, சூடு இறங்குவதற்குள் பலர் மாறி மாறிச் சம்மட்டியால் அடிக்கணும். மறுபடி உலை, மறுபடி அடி. ஒரு விரிசல் விழுந்தா உருக்கி முதல்லேருந்து தொடங்கணும்.

அந்தப் பயமோ என்னவோ, உலை வேலை நடக்கும்போது கொல்லர்கள் சொந்தப் பெயரை விட்டுட்டு, பாஞ்சி கதை மாந்தர்களின் பெயர்களை வைத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. போற்றப்படும் காங்குக்கு 'கியாய்' என்று மரியாதைப் பட்டமும் உண்டு. வியாழன் இரவானால் அதற்குப் பூ வைப்பாங்க, சாம்பிராணி போடுவாங்க.