நாகையிலிருந்து முத்துப்பேட்டை வரை: ஒரு உப்புச் சாலையின் கதை

தமிழ்நாட்டின் வரைபடத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். சென்னையிலிருந்து நேராகத் தெற்கே இறங்கி வரும் கடற்கரை, கோடியக்கரை வந்ததும் முழங்கையை மடக்கினாற்போல மேற்கே திரும்பிவிடுகிறது. அந்த மடிப்புக்கு வடக்கே இருப்பது வங்கக் கடல். அலை உண்டு, மணல் உண்டு. மடிப்புக்கு மேற்கே இருப்பது பாக் நீரிணை. ஆழமில்லாத கடல், அலை அடங்கிய கடல். ஆறுகள் கொண்டுவரும் வண்டலை இழுத்துப்போக அங்கே வலுவான அலை கிடையாது. அதனால் ஒரு பக்கம் மணற்கரை, மறுபக்கம் சேறும் சதுப்பும். காரில் ஒரே நாளில் இந்த இரண்டையும் பார்த்துவிடலாம். நாகப்பட்டினத்தில் காலைச் சிற்றுண்டியை முடித்துக்கொண்டு கிளம்பினால், வழியில் நின்று நின்று போனாலும், பொழுது சாய்வதற்குள் முத்துப்பேட்டை போய்ச் சேரலாம். சென்ற மாசி மாதம் நாங்கள் அப்படித்தான் போனோம்.

நாகையைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னர் இங்கே சூடாமணி விகாரம் எழுப்பியதும், அதற்கு ஆனைமங்கலம் கிராமத்தை நிவந்தமாகக் கொடுத்த செப்பேடுகள் லெய்டன் நகரம் வரைக்கும் போனதும் பலருக்குத் தெரிந்த கதை. அந்தக் காலத்துப் பௌத்தக் கோபுரம் ஒன்று 1867 வரை இங்கே நின்றது. அதையும் இடித்துவிட்டார்கள். போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஒருவர் பின் ஒருவராக வந்து போன துறைமுகம் இது.

சுமார் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டரில் வேளாங்கண்ணி. 2004 டிசம்பர் 26 காலையில், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், இந்தக் கரையில் நடந்ததை நம் வயதுக்காரர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் சுனாமிக்கு அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் நாகைதான். ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். இன்று கடைகளும் விடுதிகளும் நெருக்கிக்கொண்டு நிற்கிற அந்தத் தெருவில் நடக்கும்போது கால் கொஞ்சம் தயங்கத்தான் செய்கிறது.

வேளாங்கண்ணியைத் தாண்டித் தெற்கே போனால் வெள்ளையாறு, அரிச்சந்திரா நதி, அடப்பாறு என்று காவிரியின் கடைசிக் கிளைகள் குறுக்கே வருகின்றன. மேட்டூரில் திறந்த தண்ணீர் இங்கே வந்து சேரும்போது மிச்சம் எவ்வளவு என்பது கடைமடை விவசாயிக்குத்தான் தெரியும். இடப்பக்கம் மணல்மேடுகள், சவுக்கு, முந்திரி, தென்னை. தென்னை என்று எழுதும்போதே 2018 நவம்பர் 16 நினைவுக்கு வருகிறது. அன்று விடியலுக்கு முன் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிய கஜா புயல், இந்தப் பக்கத்துத் தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. நெல் போனால் அடுத்த போகம் உண்டு. தென்னை போனால் ஒரு தலைமுறை போன மாதிரி. இப்போது வழியில் தெரிகிற கன்றுகள் பெரும்பாலும் அதற்குப் பிறகு வைத்தவைதான். நின்று காய்க்க ஆரம்பித்திருக்கின்றன.

வேதாரண்யத்தின் தமிழ்ப் பெயர் திருமறைக்காடு. வேதங்கள் பூட்டிப் போன கதவை அப்பர் பாடித் திறந்தார், சம்பந்தர் பாடி அடைத்தார் என்பது தலபுராணம். அப்பர் ஒரு பதிகமே பாட வேண்டியிருந்தது, சம்பந்தருக்கு ஒரே பாட்டில் கதவு மூடியது, அதில் அப்பருக்குச் சற்று மனவருத்தம் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இந்தக் கோயிலில் எனக்குப் பிடித்த செய்தி வேறு. யாழ்ப்பாணத்து வரணியைச் சேர்ந்த தம்பிரான்களின் வழியினர் நெடுங்காலம் இதன் நிர்வாகத்தில் இருந்தவர்கள். கோடியக்கரையிலிருந்து யாழ்ப்பாணக் குடாநாடு முப்பது மைல்தான். தஞ்சாவூர் அதைவிடத் தூரம். நாம் இதைக் கடைசி ஊர் என்று நினைக்கிறோம். அந்தக் காலத்தில் தோணி ஏறுகிறவர்களுக்கு இது நடு ஊர்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வேதாரண்யத்துக்குத் தெற்கே மூன்று நான்கு கிலோமீட்டரில் அகஸ்தியம்பள்ளி. சாலையின் இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டியவரை உப்பளம். அகஸ்தியம்பள்ளி, கோடியக்காடு, கடினல்வயல் மூன்றும் சேர்ந்து சுமார் 9,000 ஏக்கர். தூத்துக்குடிக்கு அடுத்தபடியாக உப்பு விளைகிற இடம் இதுதான். மழைக்காலத்தில் கடல்நீர் ஏறி நிற்கும் சதுப்பு, வெயிலில் வற்றும்போது உப்புப் பூத்துக்கொள்ளும். மனிதன் கை வைக்காமலே இயற்கை கொடுப்பது. அப்படிப் பூத்த உப்பைக் குனிந்து ஒரு பிடி அள்ளினால் குற்றம் என்று வெள்ளைக்கார அரசு சட்டம் வைத்திருந்தது. வரி கட்டிய உப்பைத்தான் வாங்கிச் சாப்பிட வேண்டும். வாசலில் உப்பு விளைந்து கிடக்க, காசு கொடுத்து உப்பு வாங்கிய ஊர் இது.

1930 ஏப்ரல் 13, சித்திரை முதல் நாள். திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து ராஜாஜி தலைமையில் ஏறக்குறைய நூறு தொண்டர்கள் கிளம்பினார்கள். 150 மைல், 15 நாள் நடை. தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக வந்தார்கள். நாமக்கல் கவிஞர் எழுதிக் கொடுத்த பாட்டைப் பாடிக்கொண்டு நடந்தார்கள் என்பது நாம் பள்ளியில் படித்ததுதான்.

பாடப்புத்தகத்தில் அதிகம் இடம் பெறாத பகுதி ஒன்று உண்டு. அப்போது தஞ்சாவூர் கலெக்டராக இருந்தவர் தோர்ன். அவர் தொண்டர்கள் மீது தடியை ஓங்கவில்லை. கொஞ்சம் கெட்டிக்காரர். சாப்பாடு போடுகிறவர்களையும் தங்க இடம் கொடுக்கிறவர்களையும் பிடித்து ஆறு மாதம் உள்ளே போடுவோம் என்று தண்டோரா போட்டார். சித்திரை வெயிலில் இரண்டு நாள் பட்டினி கிடந்தால் கூட்டம் தானாகக் கலையும் என்பது கணக்கு. கும்பகோணத்தில் வீட்டில் வைத்து உபசரித்த பந்துலு ஐயர் சிறைக்குப் போனார். பார்த்தார்கள் நம் ஜனங்கள். வீட்டில் வைத்துப் போட்டால்தானே குற்றம்? சோற்று மூட்டைகளைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். யார் கட்டினார், யார் அவிழ்த்துச் சாப்பிட்டார் என்று எந்தப் போலீஸ்காரர் சாட்சி சொல்வது? தொண்டர்கள் ஒரு வேளையும் பட்டினி கிடக்காமல் ஏப்ரல் 28 அன்று வேதாரண்யம் வந்து சேர்ந்துவிட்டார்கள். அரசாங்கத்தின் மீது மக்களுக்கு இருந்த பற்று போய்விட்டது என்ற பொருளில் தோர்னே பிறகு மேலிடத்துக்கு எழுதினார்.

தண்டி யாத்திரைக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே உலகம் பார்த்துக்கொண்டிருந்தது. இங்கே பெயர் தெரியாத ஒரு பெண்மணி இருட்டில் எழுந்து சோறு வடித்து, புளி கலந்து, வாழை இலையில் கட்டி, யாரும் பார்ப்பதற்குள் புளியமரத்தில் தொங்கவிட்டுவிட்டு வர வேண்டியிருந்தது. அகப்பட்டால் ஆறு மாதம். அவர்கள் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

ஏப்ரல் 30 காலை ராஜாஜி அகஸ்தியம்பள்ளியில் உப்பை அள்ளினார். கைது, ஆறு மாதச் சிறை, அபராதம். பிறகும் தினம் ஒரு குழு அள்ளியது, அடி வாங்கியது, சிறைக்குப் போனது. ருக்மிணி லட்சுமிபதி இங்கே கைதாகி, உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்ற முதல் பெண் ஆனார். ஊரில் எல்லா ஏற்பாடும் செய்த வேதரத்தினம் பிள்ளையின் சொத்தைப் பறிமுதல் செய்தார்கள். ஜனங்கள் அவருக்கு ‘சர்தார்’ பட்டம் கொடுத்தார்கள். 1946இல் அவர் தொடங்கிய கஸ்தூர்பா காந்தி கன்யா குருகுலத்தில் இன்றும் பெண் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

இன்னொருவர் வைரப்பன், சவரத் தொழிலாளி. மாற்றுடையில் வந்து உட்கார்ந்தவருக்குப் பாதிச் சவரம் ஆகும்போது அவர் போலீஸ்காரர் என்று தெரிந்தது. கத்தியை வைத்துவிட்டார். நீதிபதி மிச்சத்தைச் செய்து முடி என்றதற்கு, நீங்களே செய்துகொள்ளுங்கள் என்று பெட்டியை நீட்டினார் என்று இந்தப் பக்கம் சொல்வார்கள். அவருக்கும் சிறை. வேதாரண்யத்தில் அவருக்கு ஒரு நினைவுத்தூண் இருக்கிறது. போகிறவர்கள் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போகலாம்.

நினைவுத்தூணுக்கு எதிரே இன்றும் உப்பு வாருகிறார்கள். தை, மாசியில் பாத்தி கட்டி, சேற்றை மிதித்துக் கெட்டிப்படுத்தி, வெயில் ஏற ஏற வாருவது. மழைக்கு முன் குவித்துப் பனை ஓலையோ தார்ப்பாயோ போட்டு மூடிவிட வேண்டும். கோடையில் எதிர்பாராமல் ஒரு மழை வந்தால், பல வாரத்து வேலை கரைந்து போகும். வெயிலில் உப்பின் வெளிச்சம் கண்ணைக் கூசும், உப்புநீர் கால் வெடிப்பில் ஏறும். உப்பை அள்ளுவது குற்றமில்லை என்று ஆகிவிட்டது. அள்ளுகிறவருக்கு அந்தச் சுதந்திரத்தில் எவ்வளவு பங்கு வந்தது என்று, அந்தத் தூண் எதிரில் நின்றபோது நினைக்காமல் இருக்க முடியவில்லை. உப்பு ஏற்றிய திருத்துறைப்பூண்டி ரயில் பாதை நெடுநாள் மூடிக் கிடந்து, அகலப்பாதையாகி 2023 ஏப்ரலில் மறுபடி ஓட ஆரம்பித்திருப்பது ஒரு ஆறுதல்.

கோடியக்கரையில் காடும் கடலும் சேர்கின்றன. 1967 முதல் சரணாலயம். வெளிமான், மட்டக்குதிரை, பருவத்தில் பூநாரை. காட்டுக்குள் குழகர் கோயில். இப்படித் தன்னந்தனியாகக் கடற்கரையில் இருக்கிறாயே என்று சுந்தரர் இறைவனைப் பார்த்து இரக்கப்பட்டுப் பாடிய தலம். ‘பொன்னியின் செல்வன்’ தொடராக வந்தபோது படித்தவர்களுக்குப் பூங்குழலியின் கலங்கரை விளக்கம் நினைவிருக்கும். சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட பழைய கலங்கரை விளக்கத்தின் மிச்சத்தையும் 2004 சுனாமி சிதைத்துவிட்டது. நான் இளவயதில் பார்த்தபோது செங்கல் அடித்தளம் மட்டும் மணலில் நின்றது. அதற்குப் பக்கத்தில் நின்று ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ள அப்போது யாரிடமும் கேமரா இல்லை.

மேற்கே வாய்மேடு, இடும்பாவனம் வழியாக வந்தால் முத்துப்பேட்டை. மணல் போய்விட்டது, எங்கும் சேறு. ஜாம்புவானோடையில் வனத்துறை அனுமதியுடன் படகு ஏறி, கோரையாற்றில் போனால் அலையாத்திக் காடு. பழைய நாளில் இந்தக் காட்டு விறகு வருமானத்தில் ஒரு பங்கு தஞ்சை மராட்டியரின் சத்திரங்களுக்குப் போனது. வழிப்போக்கனுக்குச் சோறு வெந்தது இந்த மரத்தால். ஆனால் பின்னால் வந்த அரசு நிர்வாகம் பகுதி பகுதியாக மொட்டையடித்தது. மரம் போன இடத்தில் சேறு காய்ந்து அமுங்கிப் பள்ளமானது. ஏறிய கடல்நீர் வடிய வழியின்றித் தேங்கி, வெயிலில் உப்பு ஏறி, விதை விழுந்தாலும் முளைக்காமல் போயிற்று. அகஸ்தியம்பள்ளியில் பாத்தி கட்டிச் செய்கிற அதே வேலை, இங்கே காட்டைக் கொன்றது.

மருந்தும் எளிமையானதுதான். மீன் முள் மாதிரி நடுவில் ஒரு வாய்க்காலும் பக்கங்களில் கிளை வாய்க்கால்களும் வெட்டி, ஓதம் ஏறி இறங்க வழி செய்தார்கள். வனத்துறையும், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும், பக்கத்துக் கிராமத்தாரும் சேர்ந்து செய்த வேலை. உப்பு கழுவிப் போயிற்று, கண்டல் கன்று நின்றது. கஜாவில் அதிலும் நிறைய மரங்கள் போய்விட்டன. நாங்கள் போன அன்று ஓதம் இறங்கும் நேரம். வாய்க்கால் கரையில் மூச்சு வேர்கள் ஈட்டி முனை மாதிரி வரிசையாகத் தலை நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றின் நடுவே, விரல் உயரத்துக்கு, புதுக் கன்றுகளும் இருந்தன. படகோட்டி அவற்றின் மேல் அலை அடிக்காமல் இருக்க இயந்திரத்தை நிறுத்திவிட்டு, கழி ஊன்றித் தள்ளிக்கொண்டு போனார்.